வேன் ஜன்னலில் ஒரு கை

பள்ளித் திடலில் திங்கட்கிழமை காலைச் சபைகூடல் அப்போதுதான் முடிந்திருந்தது. பள்ளிக்கு எதிரே வெள்ளை வேன் ஒன்று நின்றது. முன்பு ரப்பர் பால் எடை போட்ட பழைய கொட்டகையின் நிழலில் அதை நிறுத்தியிருந்தார்கள்.

ஈப்போ நகரிலிருந்து முஹ்ஸினா அக்கா ஆராய்ச்சிக்காக வந்திருந்தார். பிள்ளைகளுக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்பாராம். நான்காம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். முன் கதவில் ஏறினார்கள். பின் கதவில் இறங்கினார்கள்.

"ஏறின வழியாவே ஏன் இறக்கி விடல?" என்றான் வரிசையில் நின்ற ஷாஹித். "யோசிச்சுப் பாருலா. காது கேக்கலன்னா பின் கதவு தொறக்காது. நேரா ஈப்போதான். அங்கேயே ஹாஸ்டல் பள்ளிக்கூடம்."

"யாரு சொன்னா?" என்று துளசி கேட்டாள்.

"எங்க மாமா."

பீடோர் சந்தைக்குப் பின்னால் முதலையைப் பார்த்ததாகச் சொன்னவரும் அதே மாமாதான். துளசி நம்பவில்லை. ஆனாலும் பின் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக் கோகிலன் அவளுக்கு முன்னால் வரிசையில் நின்றான். அவன் முறை வந்தது. போனான். இறங்கி வந்தபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"எல்லாம் சரியா அமுக்கிட்டேன். ஒண்ணுகூடத் தப்பில்ல," என்றான்.

துளசிக்கு ஏதோ உறுத்தியது. பள்ளிக்கு நடந்து வரும்போது இடது பக்கம் நின்று பேசினால் கோகிலன் பதில் சொல்லமாட்டான். கொழுப்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கொழுப்பு என்றால் இன்று ஏன் வியர்க்கிறது?

அடுத்தது அவள்.

வேனுக்குள் ஒரு நாற்காலி, ஜன்னலைப் பார்த்தபடி. முஹ்ஸினா அவள் தலையில் ஹெட்ஃபோனை மாட்டினார்.

"சத்தம் கேட்டா இந்தப் பொத்தான அமுக்கணும். கொசு மாதிரி கேட்டாலும் அமுக்கணும். சரியா?"

பிறகு அவர் பின்னால் போய் ஒரு கருவியின் முன் உட்கார்ந்தார். சத்தம் வந்தது. துளசி அமுக்கினாள். மறுபடியும் வந்தது. அமுக்கினாள்.

அப்போதுதான் ஜன்னலைக் கவனித்தாள். வெளியே நிழல், உள்ளே விளக்கு. கண்ணாடியில் முஹ்ஸினாவின் கை தெளிவாகத் தெரிந்தது. விரல் தாழ்ந்தால் சத்தம். தாழாவிட்டால் இல்லை.

துளசி கண்ணை மூடிக்கொண்டாள். வலது காதில் சத்தம் வந்தது. இடது காதிலும் வந்தது.

முடிந்ததும் கேட்டாள். "அக்கா, காது கேக்காதவங்கள எங்க கொண்டு போவீங்க?"

"எங்க கொண்டு போறது?"

"ஈப்போவுக்கு."

"அல்லாவே! யாரையும் எங்கேயும் கொண்டு போகலம்மா. அம்மா அப்பாகிட்ட சொல்லுவோம். காது டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுவோம். வகுப்புல எங்க உக்காந்தா நல்லா கேக்கும்னு டீச்சருக்குச் சொல்லுவோம்."

"அப்ப பின் கதவு எதுக்கு?"

"ஏறுறவங்களும் இறங்குறவங்களும் முட்டிக்காம இருக்கத்தான்."

துளசிக்கு அது போதவில்லை. "பின்னால பாக்கலாமா?"

பார்த்தாள். ஒரு விளக்குமாறு. ஒரு குடை. பாதி தின்ற நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம்.

"அது என் காலைப் பசியாறல்," என்றார் முஹ்ஸினா. "அதையும் சோதிக்கணுமா?"

துளசி சிரிக்கவில்லை. கோகிலன் பெயரைச் சொன்னால் அவன் ஏமாற்றுக்காரன் ஆகிவிடுவான். சொல்லாமல் போனால் அவன் காதை யாருமே பார்க்கமாட்டார்கள்.

"அக்கா, ஜன்னல்ல உங்க கை தெரியுது."

முஹ்ஸினா அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"சிலிம் ரிவர் பள்ளிக்கூடத்துல வெயில்ல நிறுத்தினோம், கை தெரியல. திரைய மூடினா பிள்ளைங்க பயப்படுதுன்னு நான்தான் தொறந்து வெச்சேன்." துளசியின் பக்கம் திரும்பினார். "யாராச்சும் கையப் பாத்து அமுக்கினாங்களா?"

"நான் கண்ண மூடிக்கிட்டேன்," என்றாள் துளசி.

முஹ்ஸினா அவளையே பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. எழுந்து திரையை இழுத்து மூடினார். "காலையில எடுத்தது எதையும் நம்ப முடியாது. எல்லாரையும் திரும்பப் பாக்கணும்."

அதைக் கேட்டு வெளியே வரிசை முழுவதும் முனகியது. கோகிலன் மட்டும் துளசியை முறைத்தான்.

"போட்டுக் கொடுத்திட்டியா?"

"ஜன்னலத்தான் சொன்னேன். உன்னச் சொல்லல."

"பொய்."

துளசி அவனுடைய வலது பக்கம் வந்து நின்றாள். "கையப் பாத்துத்தானே அமுக்கின?"

"அவங்கதான் மொதல்ல ஏமாத்தினாங்க!" கோகிலன் இடது காதைத் தொட்டுக் காட்டினான். "இந்தக் காதுல சத்தமே விடல. கை மட்டும் ஆடுது. என்னைப் புடிச்சுக்கிட்டுப் போகத்தான்."

துளசி வேனைக் கையால் காட்டினாள்.  "வேன் முழுக்கத் தேடிட்டேன். ஒரு குடை, ஒரு விளக்குமாறு, பாதி நாசி லெமாக். அவ்வளவுதான் இருக்கு. இந்தத் தடவ கண்ண மூடிக்கிட்டு அமுக்கு. கேட்டா அமுக்கு, கேக்கலன்னா விடு."

"கதவு தொறக்கலன்னா?"

"நான் அங்கேயே நிக்கிறேன். தொறக்கலன்னா கத்துவேன். நான் கத்தினா எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும்."

கோகிலன் போனான்.

இந்த முறை நேரமானது. துளசி பின் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். முஹ்ஸினாவை அவள் நம்பினாள். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

கதவு திறந்தது. கோகிலன் மெல்ல இறங்கினான். அவன் பின்னால் முஹ்ஸினா வாசற்படியிலேயே நின்றார்.

கோகிலன் துளசியின் இரண்டு காதுகளையும் பார்த்தான். பிறகு ஷாஹிதின் காதுகளை. பிறகு வரிசையில் நின்ற ஒவ்வொருவர் காதையும்.

"துளசி, அப்ப நீங்க எல்லாரும் ரெண்டு காதாலயுமா கேக்குறீங்க?"