மூலையில் தூங்குகிறவள்

செல்வியின் வீடியோக்களில் ஒரு கோளாறு இருந்தது. பார்க்கிறவர்கள் எந்த நிமிடத்தில் கழன்றுகொள்கிறார்கள் என்று காட்டும் கோடு, சரிந்துகொண்டே வரவேண்டியது, நடுவில் ஓரிடத்தில் மட்டும் கூன் போட்டு எழும்பியது. அந்த இடத்தை எல்லாரும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே அவள் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

செல்போன் கம்பெனி மூடி, உடன் வேலை பார்த்த பெண்கள் தெற்கே பஸ் ஏறியபோது, இசக்கிசெல்வி மட்டும் சமையல் சேனல் நடத்தப்போகிறேன் என்று ஒரகடத்தில் அற்புதமேரியம்மாள் வீட்டு மாடி அறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊரில் மாமன் மகன் தாலியோடு காத்திருக்கிறான்; சேனல் படுத்தால் அவனேதான் கதி. தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை.

சிரித்த வாய்களை அடைத்தது அவளுடைய கிசுகிசுப்பு. அறைத்தோழி வேல்விழி டயர் கம்பெனியில் நைட் ஷிப்ட்; செல்வி தூங்கியபின் கிளம்பி, விழிக்குமுன் திரும்புவாள். பகலெல்லாம் மூலையில் தலையோடு கால் போர்த்தித் தூங்குவாள். ஷிப்ட் அறைகளில் ஒரு மரியாதை உண்டு. தூங்குகிறவளை எழுப்பக்கூடாது; போர்வையை விலக்கக்கூடாது. அதனால் செல்வி, கடுகு வெடிக்கிற சத்தத்தைத் தாண்டாத குரலில், சொதி வைப்பதைக் காதோடு சொன்னாள். ஜனங்களுக்கு அது பிடித்துப்போனது.

ஒருமுறை மூலை தெரியாதபடி போனைத் திருப்பி வைத்து எடுத்தாள். அந்த வீடியோவை யாரும் பார்க்கவே இல்லை. மறுபடி மூலையோடு எடுத்தாள், கூட்டம் திரும்பியது. கூன் இப்போது இன்னும் சீக்கிரமே எழும்பியது.

அந்த இடத்தை அவளும் ஓட்டிப் பார்த்தாள். வெங்காயம் வதங்குகிறது. பின்னால் போர்வை மூச்சோடு ஏறி இறங்குகிறது. ஏறுகிறது. ஏறியபடியே நிற்கிறது.

மறுநாள் மதியம், கடையிலிருந்து திரும்பி மாடிப்படியில் கால் வைத்தபோது வேல்விழி போன் செய்தாள்.

"ஏட்டி செல்வி, பொங்கலுக்கு வந்தவ, மாசம் ஒண்ணாச்சு, அம்மைக்குச் சொகமில்லாம ஊர்லயே கெடக்கேன். என் சாமானைப் பாத்துக்கட்டி."

"எங்கிட்ட சொல்லாம எப்பட்டி போன?"

"பொங்கலுக்கு மொத நாளு மத்தியானம் கெளம்பையில நீதான் தலையோட போர்த்தித் தூங்கிட்டிருந்தியே. எழுப்பல."

வேல்விழி கிளம்பிய மதியம் செல்வி காய்கறிக்கு வாலாஜாபாத் போயிருந்தாள்.

கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அற்புதமேரியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாம்மா, படியிலயே நின்னுகினு கீற? உன் கூட்டாளி மேல இருமிக்கினே கீறா, போய் தண்ணி குடு."

வேறு யாராக இருந்தாலும் அப்படியே பஸ் ஏறியிருப்பார்கள். செல்விக்கோ, பஸ்ஸை நினைத்தாலே மாமன் மகன் முகம்தான் வந்தது. வீடியோ போட்டு நாளாகிவிட்டது. எண்ணிக்கை இறங்கத் தொடங்கியிருந்தது.

உள்ளே போனாள். அடைத்த ஜன்னலின் இடுக்கில் வெயில் நூலாய் விழுந்துகிடக்க, பெருங்காயத்தோடு வெயில் காணாத துணியின் வாடை கலந்து மூக்கிலேறியது. வெளியே சாலையில் கன்டெய்னர் லாரி போகையில் பாத்திரங்கள் மெல்ல நடுங்கி ஓய்ந்தன. மூலையைப் பார்க்கவில்லை. போனை நிமிர்த்தி வைத்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். பதிவை அழுத்தினாள்.

வணக்கம் சொல்ல வாயெடுத்தாள்.

மூலையிலிருந்து அந்த வணக்கம் முதலில் வந்தது. காதோடு. அவள் குரலில்.

திரையில் அவள் தோளுக்குப் பின்னால் போர்வை எழுந்து உட்கார்ந்திருந்தது. வாய் இருக்கவேண்டிய இடத்தில் துணி உள்ளே போனது. வெளியே வந்தது.

"எண்ணெய் காஞ்சதும் கடுகு போடுங்க."

செல்வி கடுகு போட்டாள். அது சொன்னதை, சொன்னபடியே திரும்பச் சொன்னாள். நடுங்காமல். காதோடு.

போர்வைக்குள் வாய், அடுத்த வரிக்குத் திறந்தது.