மனச்சீட்டு

அண்டா நிறைய சாம்பார் அடிப்பிடித்துக் கருகியபோது பூங்கோதைக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிர்க்கடையில் தைத்துக்கொண்டிருந்த வேலுச்சாமிதான் திடுக்கிட்டுத் துள்ளினார்.

"ஏனுங்க, என்னதான் பண்றீங்க அங்க? விரல்ல ஊசி ஏறிப்போச்சு!"

"மன்னிச்சுக்குங்கண்ணா. இந்த வாரம் என்ற முறைதானுங்களே!" என்று சிரித்தபடி பூங்கோதை அடுப்பை அணைத்து, வேறு அண்டாவில் பருப்பைப் போட்டாள்.

சுமைப்பகிர்வி என்பது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சிறு வில்லை. ஒருவருக்குள் எழும் மனவேதனையை உறிஞ்சி, அதே குழுவில் வில்லை அணிந்த மற்றவர்களின் நரம்புகளுக்குப் பிரித்து அனுப்பும். வேதனையை அழிக்க எந்தக் கருவியாலும் முடியவில்லை. இடம் மாற்றத்தான் முடிந்தது. கணபதிப் பகுதியின் அந்தத் தெருவில் கடை வைத்திருந்த ஐந்து பேர் தங்களுக்குப் பழகிய வழியில் அதைப் பயன்படுத்தினார்கள். சீட்டுப் பிடித்தார்கள். வாரம் ஒருவர் எடுப்பார். வாடகை, வேலையாள் வராதது, ஆர்டர் நிலைக்குமா என்ற பயம், எல்லாவற்றையும் அந்த வாரம் மற்ற நால்வர் சுமப்பார்கள். எடுத்தவர் நிம்மதியாகத் தூங்குவார். வில்லை வழியே உணர்ச்சி மட்டும்தான் வரும், காரணம் வராது. காரணத்தைக் கேட்கக் கூடாது என்பது சீட்டின் ஒரே விதி.

காரணமில்லாமல் வரும் உணர்ச்சி சும்மா கிடக்காது என்பதைப் பூங்கோதை போன வாரம்தான் அறிந்தாள். அது மசாலா மில் வைத்திருக்கும் சுகந்தியின் முறை. வாரம் முழுக்க ஒரு குற்றவுணர்வு பூங்கோதையை விடாமல் துரத்தியது. இது உன்னுடையதல்ல என்று அறிவு சொன்னது; மனம் கேட்கவில்லை. அந்த உணர்வு அவள் வாழ்க்கைக்குள் புகுந்து, தான் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் தேடியது. பாத்திரம் கழுவும் பெண்ணிடம் காட்டிய எரிச்சல், அம்மாவின் போனை எடுக்காமல் விட்டது என்று எதை எதையோ தொட்டுப் பார்த்தது. எதிலும் அடங்கவில்லை. கடைசியில் அவள் சுகந்தியிடமே போய் அழுதாள்.

"உனக்கு ஏதோ கெடுதல் பண்ணிப்போட்ட மாதிரியே இருக்குது கண்ணு. என்னன்னு தெரியல. மன்னிச்சுக்க."

சுகந்தி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "விடுங்க்கா."

இன்று இரண்டாவது சாம்பார் கொதிக்கும் நேரத்தில் சுகந்தி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லோணும். பம்ப் கம்பெனி கேன்டீன் ஆர்டர் அடுத்த மாசத்துலிருந்து எனக்குக் குடுத்துட்டாங்க."

பூங்கோதை கரண்டியை நிறுத்தவில்லை. அந்த ஒரே ஆர்டரில்தான் அவளுடைய மெஸ் ஓடிக்கொண்டிருந்தது. இனி மெஸ்ஸை மூட வேண்டும். வேலை செய்யும் பெண்களை அனுப்பிவிட்டு, மறுபடியும் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, வேறு யாருக்கோ நடப்பதைப் போல.

"உனக்கேது சமையலு?"

"ஆள் வச்சுக்குவேன். அவங்களுக்கு அந்த சாம்பார் ருசி இருந்தாப் போதுமாம். உங்க பொடி என்ற மில்லுலதானுங்க்கா அரையுது."

மில்லுக்கு வரும் எல்லோரும் தங்கள் மிளகாய் அரைபட்டு முடியும்வரை பக்கத்திலேயே நிற்பார்கள். பூங்கோதை மட்டும்தான் பொடிக்கான சாமான்களை அளவோடு தனித்தனிப் பொட்டலமாகச் சுகந்தியிடம் நம்பிக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடுவாள்.

"எப்பக் கையெழுத்துப் போட்ட?"

"போன வாரம். என்ற முறையில. கை நடுங்கவே இல்லீங்க்கா, எனக்கே ஆச்சரியம்."

அப்போதுதான் பூங்கோதைக்கு விளங்கியது, தான் யாருடைய குற்றத்துக்காக யாரிடம் மன்னிப்புக் கேட்டோம் என்று. விளங்கியது, அவ்வளவுதான்.

"இன்னிக்கு எதுக்கு வந்து சொல்ற?"

"இந்த வாரம் உங்க முறையாச்சே. உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் காத்திருந்தேன்."

அவள் அதை அன்போடுதான் சொன்னாள். பூங்கோதை அவள் காதைப் பார்த்தாள். வில்லை இல்லை. தன் பங்குக்கு வர வேண்டிய வலியையும் வாங்கிக்கொள்ளாமல் வந்திருந்தாள்.

எதிரே தையல் இயந்திரம் நின்றது. வேலுச்சாமி துணியில் முகம் புதைத்துக் குலுங்கினார். பக்கத்தில் சீட்டிலிருந்த ஜெராக்ஸ் கடைப் பெண்ணும் வாடிக்கையாளர் முன்னாலேயே தேம்பினாள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. தனக்கு நடந்த துரோகத்துக்குத் தெரு அழுவதைத் துளி ஈரமில்லாத கண்களோடு நின்று பார்த்தாள் பூங்கோதை. ஆர்டர் போகட்டும், இந்த அழுகையாவது தன்னுடையது இல்லையா? கையை உயர்த்தி வில்லையைப் பிய்த்தாள்.

"கழட்டாதீங்க்கா! பைத்தியமா உங்களுக்கு?"

அது வந்தது. மொத்தமாக வந்தது. அரிசி மூட்டையைப் பிடித்தபடி அவள் தரையில் சரிந்தாள்.

"கொஞ்சங்கூட... உறுத்தலையாடி உனக்கு?"

சுகந்தி உள்ளே எங்கோ தேடுகிறவளைப் போல நின்றாள்.

"உறுத்தோணும்னு தெரியுதுங்க்கா. வில்லையக் கழட்டிட்டு, வரும் வரும்னுதான் பாத்துட்டு இருக்கேன். வரவே இல்ல. எல்லாம் போன வாரத்தோட தீந்துபோச்சாட்ட இருக்குது."

அவள் முகத்தில் பொய் இல்லை. பூங்கோதையின் அருகே குந்தி உட்கார்ந்து, தணிந்த குரலில், உண்மையாகவே அறிய விரும்புகிறவளாகக் கேட்டாள்:

"உங்களுக்கு வந்தப்ப எப்படிங்க்கா இருந்துச்சு?"