எவரிஸ்தோவின் இடது கை

பக்கவாதத்தில் மரத்துப்போன வலது கையில் பதினோரு நாள் கழித்து எவரிஸ்தோ முதன்முதலாக உணர்ந்தது ஈரத்தை. ஆனால் திரை போட்ட பெட்டிக்குள் அவர் விரலடியில் பயிற்சியாளர் மிரெல்லா வைத்திருந்ததோ காய்ந்த உப்புத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டே கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் வைத்தியம்.

"சொரசொரன்னு இருக்கா, சார்?"

"ஆமா," என்றார். நோய் விட்டுவைத்த ஒரே சொல் அது. தலையும் கூடவே ஆடிவிடும். இல்லை என்று சொல்ல இடது கை ஆட்காட்டி விரல்தான் மிச்சம். அந்த ஊரில் குழந்தைகூட வாயைத் திறக்காமல் விரலாட்டியே மறுத்துவிடும். ஆட்டினார்.

மனைவி ஒத்தாவியா சிரித்தாள். "நாப்பது வருஷமா எதுக்கும் ஆமா சொல்லாத மனுஷன். இப்பப் பாரு, வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு சொல்லுது."

மறுநாள் பெட்டிக்குள் வெல்வெட் துணி. மதிய மழை குன்றிலிருந்து இறங்கி ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்க, ஆறிப்போன கோழி சூப்பின் வாடை அறையை விட்டுப் போகாமல் நிற்க, அவர் விரல்கள் தொட்டது சூடான, வழவழப்பான ஈறு. வரிசையாகச் சின்னப் பற்கள். அவை கடிக்கவில்லை. சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக உள்ளே வாங்கி, சுவைத்து, விட்டன. கத்தினார். "ஆமா! ஆமா!" என்றுதான் வந்தது. இடது கையால் பெட்டியைத் தள்ளப் பார்த்தார்.

மிரெல்லா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லா வேலையும் இதுவே செஞ்சிடுது, சார். அதான் வலது கை சோம்பேறியா கெடக்கு. நாளைக்கு இதுக்கு உறை போட்டுடலாம், என்ன?"

"ஆமா."

மூன்றாம் நாள் இடது கைக்குத் தடித்த பஞ்சு உறை மாட்டி, மணிக்கட்டில் பட்டையை இறுக்கினாள். வலது கை பெட்டிக்குள் போனது. எவரிஸ்தோ கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சொரசொரப்பு. உப்புத்தாள். வெறும் உப்புத்தாள்.

பெட்டியில் வேறெதுவும் இல்லை. கைக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது! அவருக்கு அழுகை பொங்கியது.

அப்போது உறைக்குள், இடது சுண்டுவிரலை ஈரமான ஏதோ ஒன்று தேடி வந்தது.

"சந்தோஷத்துல அழுறாரு," என்று ஒத்தாவியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் வரைக்கும் உறை இருக்கட்டுமா, சார்?"

"ஆமா."

கண்ணைத் திறந்தார். சுண்டுவிரல். மோதிரவிரல். இம்முறை விடவில்லை. மடிமேல் கிடந்த உறை, எதையோ மெல்லும் கன்னம் போல, மெதுவாக உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது.