தொண்ணூற்றாறாவது குழி

முதல் அலறல் சரியாக வரவில்லை.

ஆராய்ச்சி மாணவி தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி அலறினாள்.

இந்த முறை பிரமாதம்! மூன்று மாடியும் ஓடி வந்தது.

நைட்ரஜன் அறைக்குள் பேராசிரியர் வெள்ளைக் கோட்டோடு குப்புறக் கிடந்தார். உருளையின் குழாய் முழுதாகத் திறந்திருந்தது. அறையில் காற்று குறைந்தால் கூவ வேண்டிய சுவர் அலாரம்... ஊமையாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தபோது மணி பன்னிரண்டு. தொந்தி முதலில் வந்தது. அவர் பின்னால் வந்தார்.

"நீங்கதான் முதல்ல பாத்ததாம்மா?"

"ஆமா சார்... கதவைத் திறந்தேன்... சார் விழுந்து கிடந்தாரு..."

"ஒன்பதரை மணி வாக்குல உயிர் போயிருக்கு. வெளியில தாழ்ப்பாள் போட்ட தடம் இருக்கு. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"மெஷின் ரூம்ல சார். தட்டு போட்டுட்டிருந்தேன்."

"காலையிலயே சாப்பாடா?"

"ஜீன் அளக்கற தட்டு சார். உள்ளங்கை அளவுதான். தொண்ணூத்தாறு குழி. ஒவ்வொண்ணுலயும் கையால சொட்டு விடணும். எட்டு மணிக்கு உக்காந்தேன். பத்து ஆயிடுச்சு. நிமிரவே இல்ல. பத்து மணி ரெண்டு நிமிஷத்துல மெஷினை ஓட விட்டேன். மெஷின்லயே நேரம் இருக்கும், பாருங்க!"

மெஷினில் நேரம் இருந்தது. பத்து ரெண்டு.

அவளுக்கு உள்ளுக்குள் மூச்சு வந்தது. இவர்களுக்கு நேரம் போதும். திரையில் மெஷின் வரைந்த கோடுகளை எவன் பார்க்கப் போகிறான்?

மூன்று நாள் முன்பு பேராசிரியர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருந்தது.

"குச்சி, நம்ம கட்டுரையை வாபஸ் வாங்கறேன்."

ஒல்லியாக இருப்பதால் குச்சி. ஐந்து வருஷமாக அதுதான் பெயர்.

"ஏன் சார்?!"

"அளவுகோலா ஒரு ஜீனை வெச்சோம்ல? அது மாறவே மாறாதுன்னு நம்பினோம். சோதிக்கல. நேத்து சோதிச்சேன்... மருந்து பட்டா அதுவே குறையுது! அளவுகோல் சுருங்கினா துணி நீளமாத்தானே தெரியும்? அவ்வளவுதான் நம்ம கண்டுபிடிப்பு."

"அதை நம்பி ஆஸ்பத்திரியில மருந்து குடுத்துட்டிருக்காங்க சார்! என் தம்பி அதுல இருக்கான்!"

"நின்னுடும்."

"ஒரு வருஷம் அசையாத கை சார்! மூணு மாசமா தூக்கறான்! என் கண்ணால பாத்தேன்!"

"கண்ணால பாத்ததைக் கட்டுரையில எழுத முடியாது குச்சி. திங்கக்கிழமை கடிதம் போகுது."

இன்று திங்கட்கிழமை.

கடிதம் போகவில்லை. பேராசிரியர் போய்விட்டார்.

"இதென்னம்மா, திரையில இத்தனை கோடு?" இன்ஸ்பெக்டரின் குரல்.

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்."

"எனக்குப் புரியாது. என் வீட்டுக்காரிக்குப் புரியும். உங்க தொழில்தான். அறிவியல் பத்திரிகைக்கு வர்ற கட்டுரையில ஓட்டை கண்டுபிடிக்கறதே அவளுக்கு வேலை. அது முடிஞ்சா என்கிட்ட கண்டுபிடிப்பா."

படம் எடுத்தார். அனுப்பினார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை... போன் கத்தியது! ஸ்பீக்கரில் போட்டார்.

"யாருங்க இந்தத் தட்டைப் போட்டது?" மனைவியின் குரலில் ஏகப்பட்ட சூடு.

"ஏன், என்னாச்சு?"

"மெஷின் ஒவ்வொரு சுத்துலயும் ஜீனை ரெட்டிப்பாக்கும். அதனால கோடு தரையில ஆரம்பிக்கணும். இருபது, இருபத்தஞ்சு சுத்துக்கு மேலதான் ஏறணும். இதுல முதல் சுத்துலயே உச்சியில நிக்குது! ஏற்கெனவே ஓடி முடிஞ்ச பழைய தட்டுங்க. மறுபடி உள்ள வெச்சு ஓட்டியிருக்காங்க. ரெண்டு நிமிஷ வேலை!"

இன்ஸ்பெக்டர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஒண்ணு மட்டும் கீழயே படுத்திருக்கே?"

"கடைசிக் குழியா? அதுல வெறும் தண்ணிதான் விடுவாங்க, சரிபார்க்க. தண்ணிக் குழி ஏறவே கூடாது. ஏறினா மொத்தத் தட்டும் குப்பை! வெச்சுடவா? அடுப்புல பால் இருக்கு."

வைத்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"ரெண்டு நிமிஷ வேலைன்னா... மிச்ச நேரம் எங்கம்மா போச்சு?"

அவள் நாற்காலியில் சரிந்தாள்.

"ரெண்டு வருஷம் சார்... கட்டுரை மூணு பத்திரிகைக்குப் போச்சு. ஒருத்தன்கூட மெஷின்ல வந்த கோட்டைக் காட்டுன்னு கேக்கல. நீங்க கேட்டுட்டீங்க!"

"உங்க படிப்பு படிக்காதவன்மா நான். கேட்டுத்தானே தெரிஞ்சுக்கணும்?"

வாக்குமூலம் எழுதி முடிக்க மூன்று மணி ஆயிற்று. எந்தக் குழாய், எத்தனை திருகு, எத்தனை மணிக்குத் தாழ்ப்பாள்... முதன்முறையாக ஒன்றையும் விடாமல் எழுதினாள்.

"தம்பிக்கு மருந்து மட்டும் நிக்காம பாத்துக்குங்க சார். வீட்ல அவனைத் தூக்கி உக்கார வைக்க என்னை விட்டா ஆள் இல்ல."

அப்போது அவளுடைய போன் ஒலித்தது. ஆஸ்பத்திரி டாக்டர். இன்ஸ்பெக்டர் அதையும் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"பேராசிரியர் போன சேதி கேட்டோம்மா. அவரில்லாம நடத்த முடியாது. மருந்துச் சோதனையை நிறுத்திட்டோம்."

"டாக்டர்! தம்பிக்காவது..."

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாம சீல் வெச்சிருந்தோம். இன்னிக்குத் திறந்துட்டோம்." காகிதம் புரளும் சத்தம். "உங்க தம்பிக்குப் போனது... தண்ணிம்மா."

"பொய்! கையைத் தூக்கினான் டாக்டர்!"

"ஊசி போட்டாலே சிலருக்குத் தெம்பு வரும். கொஞ்ச நாளைக்கு. அப்புறம் இருக்காது."

போன் அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

எந்த மருந்துக்காகக் கொன்றாளோ, அதில் ஒரு சொட்டுகூடத் தம்பியின் உடம்பில் இல்லை!

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"தண்ணி போட்டே உங்க தம்பி கை ஏறியிருக்கு. தண்ணிக் குழி ஏறினா மொத்தத் தட்டும் குப்பைன்னு என் வீட்டுக்காரி சொன்னாளே... வாங்கம்மா. வண்டி கீழ ரெடியா நிக்குது, அள்ளிட்டுப் போக!"