சூட்டோடு திருப்பு

தேவப்பிரியம் தன் நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார்.

பின்மண்டையில் இரும்புக் கம்பியின் அடி.

திருவொற்றியூரில் அவருடைய பழைய இரும்பு கோடவுன். அலுவலக அறைக்கு ஒரு கேமரா. அதன் பதிவு முழுக்க மேஜையடியில் இருந்த கம்ப்யூட்டரில்.

பிணம் வண்டியேறியதும் இன்ஸ்பெக்டர் சுப்புராயன் பதிவைப் போட்டார்.

தேவப்பிரியம் தெரிந்தார். கதவு மெல்லத் திறந்தது...

திரை அணைந்தது.

மறுபடி போட்டார். மறுபடி அணைந்தது.

வியாசர்பாடியிலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் மதியை வரவழைத்தார்.

"வேற ஆளே கெடைக்கலையா சார்?" என்றான் வெள்ளத்துரை. செத்தவரின் மச்சினன். கோடவுனைப் பார்த்துக்கொள்பவன்.

"நீ வேணா ரிப்பேர் பண்ணு. நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்றாள் மதி.

"வாயக் கொறைச்சுட்டு வேலையப் பாரும்மா" என்று சுப்புராயன் உறுமினார்.

பெட்டியைத் திறந்தாள். ஃபேன் முழுக்கத் துருவும் தூசும்.

"ஃபேன் சுத்தல சார். ப்ராசஸர் கொதிக்குது, அதான் ஆஃப் ஆவுது. மேல கீற, சூட்ட இழுக்குற இந்த ஹீட்சிங்க்க எடுத்து, புது பேஸ்ட் தடவணும்."

"எடுக்க வேண்டியதுதானே?"

"பழைய பேஸ்ட் காஞ்சு கெட்டியா புடிச்சிகினு கீது. கொஞ்சம் ஓடவுட்டு, அந்தச் சூட்டோட மெதுவா திருப்பினா வந்துரும். ஜில்லுனு இழுத்தா ப்ராசஸரும் பிச்சிகினு வந்துரும். அப்புறம் மிஷினு காலி."

வெள்ளத்துரை கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

செல்போன் ஒலிக்க, சுப்புராயன் வெளியே போனார். மதி பையில் பேஸ்ட்டைத் தேடினாள்.

படக்!

திரும்பினாள். வெள்ளத்துரையின் கையில் ஹீட்சிங்க். அதன் அடியில் ஒட்டிக்கொண்டு ப்ராசஸர். அதன் ஊசி போன்ற பின்களெல்லாம் மடங்கி...

"இன்னா காரியம் பண்ணிட்ட நீ?"

அவன் அதை அவள் மடியில் எறிந்தான். பிறகு குரலை உயர்த்தினான்.

"சார், ஓடி வாங்க. இவ புடுங்கிட்டா சார்."

சுப்புராயன் பாய்ந்து வந்தார்.

"நான் இல்ல சார். இவன்தான்..."

"பொய் சொல்லுதா சார். அத்தான் சாவுக்கு இருந்த ஒரே சாட்சி. போச்சுல்லா."

"யார்கிட்ட காசு வாங்கிட்டு இதைச் செஞ்சே?" சுப்புராயன் மதியை முறைத்தார். "ஏறு ஜீப்புல."

மதி பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவைக் கழற்றினாள்.

"ஸ்டேஷனுக்கு வரேன் சார். அதுக்கு முன்னாடி அஞ்சே நிமிஷம்."

முன்னறையில் பில் போடும் கம்ப்யூட்டர். டப்பாவை அதில் மாட்டினாள்.

படம் ஓடியது.

கதவு திறந்தது. கம்பியோடு வெள்ளத்துரை உள்ளே வந்தான். ஓங்கினான்...

நிஜ வெள்ளத்துரை வாசலுக்குப் பாய்ந்தான். அங்கே காவல் நின்ற கான்ஸ்டபிள் காலை நீட்டினார். குப்புற விழுந்தவனின் கையில் விலங்கு ஏறியது.

"ஏன்டா கொன்னே?"

"ஹார்பர்ல திருடின காப்பர இங்கதான் வச்சிருந்தேன். அத்தான் போலீசுக்குப் போவேன்னாரு." திரையையே வெறித்தான். "அதான் பிடுங்கிட்டேனே... எப்படிப் படம் வருது?"

மதி பையைத் தோளில் மாட்டினாள்.

"நீ புடுங்கினது மூளைய மாமு. ஞாபகம் இந்த டப்பால பத்திரமா கீது."