பழக்கின உடம்பு

கிழவர் வீரய்யாவின் ஸ்கேன் படத்தில், இடப்பக்கத்து ஏழாவது விலா உடைந்து கோணலாக ஒட்டியிருந்தது. காலையில் வந்த தனுஜாவுக்கும் அதே விலா, அதே கோணல். இருவர் நெஞ்சுக்குள்ளும் ஒரே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி.

ஹட்டன் டவுனில் அந்த ஸ்கேன் சென்டரின் ஜன்னலை நாலு மணிக்கே பனிமூட்டம் வந்து அடைத்துவிட்டது. ஸ்பிரிட் வாடையும் கிழவரின் ஈரக் கம்பளி வாடையும் கலந்து நிற்க, பழைய சிடி மெஷின் சுற்றி ஓய்கிற முனகலைக் கேட்டபடி, ஸ்கேன் எடுக்கிற பிரேமினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா, எப்பயாச்சும் விழுந்து வெலா எலும்பு ஒடைஞ்சிச்சா?”

“நாப்பது வருசம் மலையில தேயில கவ்வாத்து வெட்டுனேன் புள்ள. வழுக்கி விழுந்ததெல்லாம் எங்கள மேய்க்க வந்த கண்டாக்கையாதான்.” வீரய்யா சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினார். “உள்ளுக்க ரத்தம் ஓடுதா, தேத்தண்ணி ஓடுதான்னு பாருங்க.”

அவர் போனதும் கதவைச் சாத்தினாள். கை தானாகத் தன் இடது விலாவுக்குப் போனது. பதினோரு வயதில் பஸ்ஸிலிருந்து விழுந்து கோணலாக ஒட்டிய விலா.

மங்கலான படங்களைத் துல்லியமாக்கும் மென்பொருளைப் போன மாதம் இங்கே பொருத்தியவன் அவள் புருஷன் பிரதாப். அன்றைக்குச் சும்மா டெஸ்ட்டுக்கு என்று அவளைத்தான் மெஷினில் படுக்க வைத்தான். போன் செய்தாள்.

“ஏங்க, இன்னைக்கு வந்தவங்க படத்துலயெல்லாம் என் எலும்பு வருது.”

“ஒரு உடம்பக் காட்டிப் பழக்கணும்ல. தெளிவில்லாத எடத்த பழகுனத வச்சு அது நெரப்பும். சரி பண்ணிரலாம்.”

“அப்ப நெஞ்சுக்குள்ள அந்த வெள்ளப் புள்ளி?”

“அத... வீட்டுக்கு வந்து பேசுவோம் பிரேமி.”

“தெரியுமா ஒங்களுக்கு?”

“சாப்ட்வேர வாங்குற கம்பெனிக்காரன் கையெழுத்துப் போடட்டும்னு இருந்தேன் பிரேமி. நோயாளி உடம்புல பழக்குனதுன்னா வாங்க மாட்டான். ஒரு மாசந்தானே...”

ஒரு மாதம். ஒரே கம்பளிக்குள் படுத்திருந்தான். அவள் இருமியபோதெல்லாம் முதுகைத் தடவிவிட்டான்.

போனை வைத்தாள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். தனுஜாவிடம் புள்ளி கடுகளவு. வீரய்யாவிடம் கடலையளவு. ஒரே ஒரு படத்தைப் பார்த்துப் பழகியது, எப்படி வளர்த்துக் காட்டும்?

மென்பொருளை நிறுத்தினாள்.

கட்டில் காலி. யாரும் தொடாமலே மெஷின் சுற்றத் தொடங்கியது.

திரையில் வெட்டு வெட்டாக ஒரு நெஞ்சு தெளிந்தது. அதே கோணல் விலா; அவளுடையது. இரண்டு நுரையீரலிலும் வெள்ளை பரவியிருந்தது. அத்தனை துல்லியம்.

அது விரிந்தது. சுருங்கியது. அவள் மூச்சோடு மூச்சாக.

பிரேமினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் இருந்தது மூச்சை நிறுத்தவில்லை.