புருசன் துரத்திவிட்ட றபீக்கா

“அல்லாஹ்வே… போச்சு! எல்லாம் போச்சு!”

காத்தான்குடியின் அந்தத் தெருவே திடுக்கிட்டது.

பல் துலக்கிக்கொண்டிருந்த ஹமீட் வாயெல்லாம் நுரையோடு ஓடி வந்தான்.

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அவன் மனைவி றபீக்கா. கையில் போன். முகத்தில் ரத்தமே இல்லை.

நடந்தது இதுதான்.

சற்றுமுன் சிநேகிதி சப்னாவின் பெயரில் ஒரு செய்தி. ‘உன் போனுக்கு ஒரு கோட் நம்பர் தவறி வந்திருக்கும். எனக்கு அனுப்பு.’

வந்திருந்தது. அனுப்பினாள்.

அடுத்த நிமிடம் றபீக்காவின் வாட்ஸ்அப் அவளையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது! சப்னாவின் கணக்கு நேற்றே களவு போன சங்கதி இவளுக்கு எங்கே தெரியும்?

இனி அந்தக் களவாணி இவள் பெயரில் எல்லோரிடமும் கையேந்துவான். எல்லோரும் என்றால்… இவளிடம் அபாயா தைத்து வாங்குகிறவர்கள். அதுவும் பெருநாள் ஓர்டர் குவிந்து கிடக்கிற நேரம்.

“ஒரு ஆள் ஏமாந்தாலும் போதும். இனி ஆரு எனக்கு ஓர்டர் தருவா? மெஷினை மூடிட்டுப் படுக்க வேண்டியதுதான்,” என்று விம்மினாள்.

ஹமீட் ஓட்டோவை முடுக்கினான். நேரே பிரதான வீதி. றுஸ்தியின் போன் கடை.

றுஸ்தி வெளிமாவட்டத்துக்காரன். இந்த வருடம்தான் கடை போட்டிருந்தான். கல்யாணம் ஆகாதவன், கடைக்கு மேலேயே அறை. ஊரில் எவருடைய போன் மூச்சை நிறுத்தினாலும் அவன்தான் டாக்டர்.

கதையைக் கேட்டு உச்சுக்கொட்டினான். பயப்பட வேண்டாம், கணக்கை மீட்டுவிடலாம், ஃபீஸ் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வரும் என்றான். ஈமெயில் என்ன, பாஸ்வேர்ட் என்ன, பேஸ்புக் பக்கம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டான்.

றபீக்கா சொல்ல வாயெடுத்தாள்…

அவள் போன் அடித்தது.

ஏறாவூர் நிஸ்மியா. பழைய வாடிக்கையாளர். ‘முடிஞ்சுது’ என்று நினைத்த பதற்றத்தில் விரல் ஸ்பீக்கரை அழுத்திவிட்டது.

மறுமுனையில் திட்டு இல்லை. சிரிப்பு!

“என்ன புள்ள, உன்னப் புருசன் ஊட்டை உட்டுத் துரத்திட்டாராமே? நடுரோட்டுல நிக்கிறியாம், சல்லி அனுப்பட்டாம். வாசிச்ச உடன கள்ளன் எண்டு விளங்கிட்டு. நம்மட குரூப்புல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. ஒருத்தரும் ஒரு சதம் அனுப்பல்ல.”

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? இந்தப் பக்கத்தில் கல்யாணமானால் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை ஒரு பையோடு வந்து சேருவார். சண்டை முற்றினால் பையைத் தூக்க வேண்டியவரும் அவரே. தமிழரானாலும் முஸ்லிமானாலும் இந்த வாவிக்கரை ஊர்களில் சட்டம் ஒன்றுதான்.

றபீக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண் கலங்கிவிட்டது.

றுஸ்தியின் முகம்தான் சுருங்கிப்போனது.

“அதெப்படி? மனிசன் துரத்தினா பொஞ்சாதி ரோட்டுக்குத்தானே வரணும்?” என்றான்.

றபீக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஏறாவூரிலிருந்து குருக்கள்மடம் வரை இப்படி ஒரு கேள்வியைக் கேட்க இவனை விட்டால் வேறு யார்?

“நிஸ்மியா, கட் பண்ணிட்டு என்ட வாட்ஸ்அப்புக்கு ஒரு கோல் எடுங்க,” என்றாள் மெதுவாக.

றபீக்கா காதைத் தீட்டிக்கொண்டாள்…

றுஸ்தியின் மேசை லாச்சிக்குள் ஒரு போன் கதறியது!

அவன் வாசலுக்குப் பாய்ந்தான். அதற்குள் ஹமீட் றபீக்காவை வெளியே இழுத்து, ஷட்டரைச் சடாரென்று இறக்கிவிட்டான்.

பொலிஸ் வந்து திறந்தபோது றுஸ்தி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். சப்னாவின் கணக்கும் அதே லாச்சியில்தான் அகப்பட்டது.

லாச்சிப் போனைக் குடைந்துகொண்டிருந்த பொலிஸ் சார்ஜன் நிமிர்ந்தார்.

“ஒரு ஆள் மட்டும் சல்லி போட்டிருக்கு, தங்கச்சி.”

றபீக்கா போனை எட்டி வாங்கினாள். வங்கிச் செய்தியில் பெயரைப் பார்த்தாள்.

மாமி! ஹமீட்டின் உம்மா!

அங்கேயே கோல் எடுத்தாள். அது கள்ளன் போட்ட செய்தி, சல்லியைப் பொலிஸ் மீட்டுத் தரும் என்று ஆறுதல் சொன்னாள். பிறகு கேட்டாள்:

“இவர் என்னத் துரத்தினாரெண்டு நீங்களுமா மாமி நம்பின? என்னில அவ்வளவு இரக்கமா?”

“உனக்கு இரக்கப்பட்டா அனுப்பின? என்ட மகனுக்கும் ஒரு நாளாவது ரோசம் வந்துட்டே எண்ட சந்தோசத்துல போட்ட சல்லி மகள் அது!”